இலை உதிர்க்காத நாவல்

எட்டு பதினான்கு, வடாலா ரோடு.
மகளிர் பெட்டியில் மூவர் அமரும் பெஞ்சில்
நான்காவது ஆளாக
பாதி இடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு
படிக்கத் தொடங்குவேன்.
சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு:
ஒரு நிலையத்துக்கு இரண்டரைப் பக்கம்.
கூட்டம் ஏறினால் ஒன்றே முக்கால்.

அடையாளத்துக்குக் காலாவதியான சீசன் பாஸ்.
மழைக்காலத்தில் புத்தகம்
அரிசி வந்த பிளாஸ்டிக் பைக்குள்.
வெளியிலிருந்தே இரண்டு பக்கம் படித்துவிடலாம்,
புரட்டுவதற்கு மட்டும் கை உள்ளே போகும்.

வாயில் நுழையாத பெயர்களுக்கு
நானே பெயர் வைத்துவிடுவேன்.
பதினோரு எழுத்து அண்ணன் இனிமேல் நெட்டை.
அவன் தாயார் கம்பளி.
முன்னூறாம் பக்கத்தில் கம்பளி செத்தபோது
மனசு கேட்கவில்லை,
அவள் நிஜப் பெயரை எழுத்துக் கூட்டிச்
சொல்லிக்கொண்டே இருந்தேன்
டாக்யார்டு வரும்வரை.

மாட்டுங்காவில் எடைக்கு வாங்கிய மொழிபெயர்ப்பு அது.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை.
எந்த நாடென்று தெரியாமலே
அந்த நாட்டில் எட்டு மாதம் இருந்தேன்.
பயணம் கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிடம்
பேசாமல் உட்காருவார்கள்.
ரொட்டி தரையில் விழுந்தால்
எடுத்து முத்தமிடுவார்கள்.
இப்போதும் வீட்டில் சப்பாத்தி தவறினால்
என் கை தானாக உதட்டுக்குப் போகிறது.
கணவர் பார்த்தும் பார்க்காமல்
டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

சுலோசனா கதம் கொத்தவரை கிள்ளியபடி
மேலே என்ன ஆச்சு என்பாள், தினமும், மராட்டியில்.
நான் ஹிந்தியில் சொல்வேன்.
என் ஹிந்தியில் இறந்தகாலமும் இல்லை, பெண்பாலும் இல்லை.
ஆகவே அந்த ஊரில் எல்லோரும் ஆண்கள்,
எல்லாம் இன்றைக்கே நடக்கும்.

அன்று சொன்னேன்:
பனி மூடிய முற்றம்.
இலையெல்லாம் கொட்டிய ஜாமுன் மரம்.
கீழே தங்கை, கையில் ஜாம் ஜாடி,
நெட்டையின் கடிதத்துக்காக நிற்கிறான்.

கொத்தவரை கிள்ளிய விரல் நின்றது.
"ஜாமுன் மரமா? மொட்டையாகவா?
சிப்ளூணில் எங்கள் கிணற்றடியில் இருக்கிறது.
அது மொட்டையாகி நான் பார்த்ததே இல்லை."

மொழிபெயர்த்தவர், பாவம்,
எந்த ஊரில், எந்த மின்விசிறிக்குக் கீழே
அந்தப் பழத்துக்கு ஒரு தமிழ் தேடினாரோ!
கைக்கு அகப்பட்டது நாவல்.
நாவலுக்குள் நாவல்.
எட்டு மாதமாக என் நாக்கு ஊதா.

சாயங்காலம் கிராஃபர்ட் மார்க்கெட்.
குளிர் தேசத்துப் பழம், உருண்டை,
கருஞ்சிவப்பு, ஜாம் காய்ச்சுவார்கள் என்று
கைகளால் சொன்னேன்.
கடைக்காரர் ஒன்றைச் சட்டையில் துடைத்து நீட்டினார்:
"ஆலு புகாரா."
"ஆலுவா? உருளைக்கிழங்கா?"
"அது வேறே ஆலு, இது புகாரா ஆலு.
மால் என்னவோ இமாசலத்து மால்தான்."

புகாரா எனக்குத் தெரியும்.
வேறொரு புத்தகத்தில்
ஒட்டகங்களோடு மூன்று நாள் தங்கிய ஊர்.
அங்கே தண்ணீர் கசக்கும்.

கால் கிலோ வாங்கி நின்றபடியே கடித்தேன்.
தோலில் புளிப்பு, உள்ளே தித்திப்பு.
துவர்ப்பே இல்லை.
பக்கத்துக் கூடையில் நாவற்பழம், சீசன் முடிகிற விலையில்.
கண்ணை மூடி அந்த முற்றத்தில்
புதுப் பழத்தை நட்டுப் பார்த்தேன்.
வேர் பிடிக்கவில்லை.
தங்கை வந்து நின்றதும்
மரம் மறுபடி நாவலாகிவிடுகிறது,
அவ்வளவு பனியிலும் பச்சையாக.

மறுநாள் பெட்டியில் பங்கிட்டேன்.
நான்காவது இருக்கைக்காரிகள் எல்லோருக்கும்
அரைப் பழம்.
சுலோசனா கொட்டையை
காட்டன் கிரீனில் ஜன்னல் வழியே துப்பினாள்.
"இது புளிக்கிறது. கதையில் ஜாமுனே இருக்கட்டும்.
இலை மட்டும் கொட்ட வேண்டாம்" என்றாள்.
கொத்தவரைப் பையை மடியில் இழுத்துக்கொண்டு,
"சரி, அந்த நெட்டை
கடிதம் போட்டானா, இல்லையா?"